காலி இடம் என்று எழுதப்பட்ட கரை

சென்னையிலிருந்து தெற்கே போகிற கடற்கரையில், ஏதாவது ஒரு மீனவக் குப்பத்தின் மணலில் காலை ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள். அலை நனைக்கும் கோட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி மேலே ஃபைபர் படகுகள் மூக்கைக் கடலுக்குக் காட்டி வரிசையாக நிற்கும். அதற்குப் பின்னால் வலைக் குவியல்கள், நீலத் தார்ப்பாய் போர்த்தி. அதற்கும் பின்னால் ஓலைக் கொட்டகை. உள்ளே நாலு பேர் உட்கார்ந்து நண்டு கடித்த வலையின் கண்ணைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் நெத்திலி காய்கிற மணல், ஐஸ் பெட்டி, எஞ்சின் கழற்றி வைக்கிற மேடை. இன்னும் மேலே போனால் அடும்பங்கொடி படர்ந்த மணல் மேடு, இராவணன் மீசைப் புல், ஊர்க் கோயில், ஒரு கிணறு. அதன் பிறகுதான் வீடுகள்.

வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் இந்த மொத்த இடத்துக்கும் பெரும்பாலும் ஒரே சொல்தான்: புறம்போக்கு. ஒரு திட்ட அறிக்கை தயாராகும்போது அது ‘காலி இடம்’ ஆகிவிடும். கடற்கரை நிலத்தைப் பற்றிய சண்டை ஜே.சி.பி. வந்து நிற்கிற அன்று தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தொடங்குவது இந்த இரண்டு சொற்களில். வரைபடத்தில் இல்லாத களத்தை நீதிமன்றத்தில் காட்டுவது மிகக் கடினம். அதனால் கரையைக் காக்க நினைக்கும் ஊர் முதலில் செய்ய வேண்டிய வேலை, தான் புழங்கும் இடத்தைத் தானே அளந்து எழுதி வைப்பது. போராட்டம், வழக்கு எல்லாம் அதன் மேல்தான் நிற்கும்.

அளப்பதற்கு முன் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ‘ஊர் என்ன சொல்கிறது’ என்று கேட்டால் ஒரே பதில் வராது. பெரியவலை இழுக்கிறவர்களுக்கு நீளமான, தடையில்லாத கரை வேண்டும். இரண்டு கயிறுகளையும் முப்பது நாற்பது பேர் பிடித்து இழுத்துக்கொண்டே ஒருவரையொருவர் நோக்கி நகர வேண்டும். நடுவில் ஒரு கல் குவியல் இருந்தாலும் வலை கிழியும். மீன் விற்கும் பெண்களுக்கோ சாலை பக்கத்தில் இருப்பது நல்லது. வாங்குகிறவர் வண்டியை நிறுத்திக் கேட்டால்தான் வியாபாரம். கல்யாணமான பிள்ளைக்குத் தனி வீடு கட்ட இடமில்லாத குடும்பத்துக்கு, கட்டுமானத் தடை என்ற சொல்லே தங்களுக்கு எதிரானதாகத் தோன்றும். பட்டா நிலம் வைத்திருப்பவர் கிழக்குக் கடற்கரைச் சாலையின் விலையைப் பார்க்கிறார். துறைமுகத்தில் வேலை கிடைக்கும் என்று நம்பும் பையன்களும் உண்டு. இந்த வேறுபாட்டை மூடி மறைத்து ‘ஊர் ஒருமனதாக எதிர்க்கிறது’ என்று மனு எழுதினால், எதிர்த்தரப்பு இரண்டு பேரை அழைத்து வந்து மாற்றிப் பேச வைத்தே அதை உடைத்துவிடும். யாருக்கு எந்த இடம் எதற்கு வேண்டும் என்று பிரித்து எழுதிய மனுவை அப்படி உடைக்க முடியாது.

சுனாமிக்குப் பிறகு இந்தச் சிக்கல் அப்பட்டமாகத் தெரிந்தது. 2005இல் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த குடும்பங்களுக்கு உள்ளே தள்ளிப் புது வீடு தர அரசு முன்வந்தது. ஆனால் பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. உயிர்ப் பயம் ஒரு பக்கம். நாம் காலி செய்த கரை நாளைக்கு யாருக்குப் போகும் என்ற கேள்வி மறுபக்கம். தயங்கி நின்றவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று எழுதியவர்கள் இருந்தார்கள். என்னைக் கேட்டால், அந்தத் தயக்கம் நியாயமானது. கடலைக் கண்ணால் பார்க்க முடியாத வீட்டிலிருந்து தொழில் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது, பெட்ரோல் டின்னையும் எஞ்சினையும் தினமும் ஒரு கிலோமீட்டர் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை 1991 பிப்ரவரி 19இல் முதலில் வந்தது. 2011 ஜனவரி 6இல் மாற்றி எழுதப்பட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 2019 ஜனவரி 18இன் அறிவிக்கை. ஓதம், அதாவது கடல் நீர்மட்டத்தின் ஏற்றம், கரையில் எட்டும் உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரை இதன் கட்டுப்பாட்டில் வரும். கழிமுகம், உப்பங்கழி, ஆற்று வாய் ஆகியவற்றின் ஓரங்களில் 2011இல் 100 மீட்டராக இருந்தது 2019இல் 50 மீட்டராகக் குறைந்தது; ஓடையின் அகலம் அதைவிடக் குறைவென்றால் அந்த அகலம் மட்டுமே. ஓதம் ஆற்றுக்குள் எதுவரை ஏறுகிறது என்பதை உப்பை வைத்து முடிவு செய்கிறார்கள்: ஆண்டின் மிக வறண்ட காலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம் வரை. மழைக்காலத்தில் தண்ணீர் எடுத்துச் சோதித்தால் கோடு கடலை நோக்கிச் சரிந்துவிடும். தண்ணீர் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்று கேட்பது ஊரின் உரிமை. அதைக் கேட்க வேண்டும்.

கிராமப்புறக் கரைகளில்தான் பெரிய மாற்றம். 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் அந்த இடம் மண்டலத்தின் மூன்று-அ வகை. குறைவாக இருந்தால் மூன்று-ஆ வகை. மூன்று-ஆவில் கட்டக் கூடாத பகுதி பழையபடி 200 மீட்டர். மூன்று-அவில் அது 50 மீட்டராகச் சுருங்கும். ஆனால் மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்டுப் புதிய கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தைத் தயாரித்தால்தான் இந்தச் சுருக்கம் செல்லும். இல்லாவிட்டால் 200 மீட்டரே தொடரும். மக்கள்தொகை நெருக்கமான ஊர்கள் என்றால் பெரும்பாலும் மீனவ ஊர்கள்தான். வீடு கட்ட இடம் கிடைக்கும் என்று சிலர் மகிழ்ந்தார்கள். அதே 150 மீட்டர் ரிசார்ட்டுக்கும் திறக்கிறது, விலை கொடுத்து வாங்கும் சக்தி யாரிடம் இருக்கிறது என்று மற்றவர்கள் கேட்டார்கள். இரண்டாவது கேள்விதான் எனக்குக் கனமாகப் படுகிறது. அதற்கு விடையும் அறிவிக்கையிலேயே இருக்கிறது: மீனவக் குடியிருப்புகளின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் தனித் திட்டம் வரைய வேண்டும், படகுத் துறை, மீன் காயவைக்கும் இடம், ஐஸ் ஆலை போன்ற பொதுச் சொத்துகளை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011லிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் வரைவுத் திட்டத்தின் மீது கருத்துக் கேட்டபோது கடலோர மாவட்டங்களில் எழுந்த முக்கிய எதிர்ப்பே இதுதான். மீனவ ஊர்களும் மீன்பிடி இடங்களும் சரியாகக் குறிக்கப்படவில்லை, வீட்டுத் திட்டம் இல்லை என்றார்கள்.

ஏன் விடுபடுகின்றன? சதி என்று சொல்லத் தோன்றும். சில இடங்களில் அப்படியும் குற்றம் சாட்டப்பட்டது. எண்ணூர்க் கழிமுகத்தின் பெரும்பகுதி பின்னாளில் வந்த வரைபடத்தில் காணாமல் போனதாக 2017இல் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் ஆவணங்களை வைத்துச் சொன்னார்கள். ஆனால் பல இடங்களில் காரணம் அளவுகோல்தான். மாநிலத் திட்டம் 1:25,000 அளவில் வரையப்படுகிறது. அதில் 1 மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். 20 மீட்டர் அகலமுள்ள வலைக் களம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அரை மில்லிமீட்டர் தடிப்பில் இழுத்த கோடே பன்னிரண்டரை மீட்டர் மணலை விழுங்கிவிடும். 1:3,960 அளவிலான கிராம வரைபடத்தில் அதே 1 மில்லிமீட்டர் ஏறக்குறைய 4 மீட்டர்தான். படகு வரிசையும் களமும் கிணறும் தனித்தனியாகத் தெரியும். ஆகவே ஊர் கேட்க வேண்டியது இந்தக் கிராம அளவு வரைபடத்தை, சர்வே எண்களுடன். கடலோர வரைபடம் பார்த்தோம், ஊர் பெயர் இருக்கிறது, போதும் என்று திரும்பி வந்தால் ஏமாறுவோம்.

இனி, ஊர் தன் கையால் செய்யும் வரைபடம். முதலில் அ-பதிவேட்டுப் படியும் புல வரைபடமும் வேண்டும். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் சர்வே எண் கொடுத்தால் பார்க்கலாம்; கிடைக்காதவற்றுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவில் ‘விவரம் தரவும்’ என்று எழுதினால் ஒன்றும் வராது. ‘இந்தக் கிராமம், இந்தச் சர்வே எண்கள், வரைபடத்தின் சான்றிட்ட நகல்’ என்று எழுத வேண்டும்.

அளக்க 50 மீட்டர் நாடா ஒன்று, கைப்பேசி இரண்டு, ஒரு நோட்டு, எட்டுப் பேர் போதும். எட்டுப் பேரில் பாதியாவது பெண்கள் இருக்க வேண்டும். ஆண்கள் மட்டும் போனால் படகுத் துறையும் வலைக் களமும் பதிவாகும். கருவாட்டுக் களம், மீன் அலசும் இடம், தண்ணீர் எடுக்கும் ஊற்று எல்லாம் விட்டுப்போகும். இது பல ஊர்களில் நடந்த தவறு. படகுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதையும் கணக்காக எழுதுங்கள். 30 அடிப் படகு ஏழெட்டு அடி அகலம் இருக்கும். சாய்க்கவும் தள்ளவும் இடைவெளி விட்டால் ஒன்றுக்குப் பன்னிரண்டு அடிக் கரை. நூறு படகுள்ள ஊருக்கு ஒரே வரிசையில் 1,200 அடி, அதாவது 365 மீட்டர் கரை வேண்டும். ‘எங்களுக்குக் கரை வேண்டும்’ என்று சொல்வதற்கும் ‘எங்களுக்கு 365 மீட்டர் வேண்டும், கணக்கு இதோ’ என்று சொல்வதற்கும் கோப்பில் இருக்கும் வித்தியாசம் பெரியது.

கைப்பேசி காட்டும் இடக்குறி, திறந்த வானத்தின் கீழேகூட ஐந்து மீட்டர் வரை தவறலாம். 50 மீட்டர்த் தடைக் கோட்டில் ஐந்து மீட்டர் என்பது பத்தில் ஒரு பங்கு. அதனால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நிமிடம் அசையாமல் நின்று எடுக்க வேண்டும். வேறு வேறு நாளில் மூன்று முறை. முதல் புள்ளி எப்போதும் சர்வே கல்லாக இருக்கட்டும், பிழை எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடும். தசம எண்ணில் ஐந்து இலக்கம் எழுதுங்கள்; ஐந்தாவது இலக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று உண்டு. 13.0125 என்ற தசமக் குறியை யாரோ 13 பாகை 01 கலை 25 விகலை என்று படித்துத் தட்டச்சு செய்துவிடுவார்கள். உண்மையில் அது 13 பாகை 00 கலை 45 விகலை. நாற்பது விகலை வித்தியாசம் தரையில் ஒன்றேகால் கிலோமீட்டர். ஊரின் மீன் களம் பக்கத்து ஊருக்கு வடக்கே போய் உட்கார்ந்துவிடும், மொத்த வரைபடமும் நம்பத் தகாதது என்று ஒதுக்கப்படும். மனு கொடுக்கும் முன் ஒவ்வொரு புள்ளியையும் செயற்கைக்கோள் படத்தில் போட்டுப் பாருங்கள்.

கரையின் அகலத்தை ஒரு முறை அளந்து முடித்துவிடக் கூடாது. தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் கரை ஒரு மாதிரி இருக்கும், வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் வேறு மாதிரி. கோயில் மூலை, தண்ணீர்த் தொட்டியின் கால் போன்று நகராத ஒன்றிலிருந்து அலை ஒதுக்கிய குப்பைக் கோடு வரை நாடா பிடிக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணி என்று எழுதாத அளவுக்கு மதிப்பில்லை. சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டியதுதான். ஆனால் இருபதுக்கு ஒன்று என்ற சாய்வுள்ள மணலில் அந்த ஒரு மீட்டர் இருபது மீட்டர் அகலமாகத் தெரியும். அமாவாசையன்று ஏற்றத்தில் அளந்ததையும் அட்டமியன்று வற்றத்தில் அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘கரை போய்விட்டது’ என்றால், எதிர்த்தரப்புப் பொறியாளர் ஒரு நிமிடத்தில் தட்டிவிடுவார்.

மணல் மேட்டைத் தனியாகக் குறிக்க வேண்டும். திட்டம் போடுகிறவர்கள் அதை முதலில் சமன்படுத்துவார்கள், ஏனென்றால் அது அவர்களுக்குத் தடை. ஊருக்கோ அது அலைத் தடுப்பும் தண்ணீர்த் தொட்டியும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல நீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழம் வரை நல்ல நீர் இருக்கும். கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சி மேல் மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழே உப்பு நாற்பது அடி ஏறி வரும். கையால் தோண்டிய ஊற்று ஒரு கோடையில் உவர்க்கத் தொடங்குவது இப்படித்தான். உவர்த்த பிறகு அது சீக்கிரம் திரும்பாது. மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அடும்பும் இராவணன் மீசையும். அவற்றைக் களை என்று வழித்துவிட்டுச் சவுக்கு நடுவதைப் பசுமைப் பணி என்கிறார்கள். அலைக்கு மிக அருகில் நெருக்கமாகச் சவுக்கு நட்டால் பங்குனி ஆமை முட்டையிட மணல் இல்லாமல் போகிறது, கீழே எந்தக் கொடியும் வளர்வதில்லை. சவுக்கு வேண்டுமென்றால் மேட்டுக்குப் பின்னால் வைக்கட்டும்.

வரைபடம் முடிந்ததும் அதை எந்த மன்றத்தில் நிறைவேற்றுவது? மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஊருக்குள் இருக்கும் மரியாதை எந்த அலுவலகத்துக்கும் கிடையாது. பழவேற்காட்டு ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விடுவது என்று முறை வைக்கும் பாடு முறையை நடத்துவது இத்தகைய ஊர் அமைப்புகள்தான். ஆனால் அரசுக் கோப்பில் ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்மானம் ஒரு கடிதம் மட்டுமே. கிராம சபைத் தீர்மானம் சட்டப்படி ஆவணம். எனவே ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடித்து, கிராம சபைப் பதிவேட்டில் ஏற்றி, வரைபடத்தை இணைப்பாகச் சேர்த்து நகல் வாங்கிவிட வேண்டும். பிறகு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கடலோரக் குழுவுக்கு ஒரு பிரதி. அந்தக் குழுவில் மரபான கடலோரச் சமூகங்களிலிருந்து மூன்று பேராவது இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார் என்று கேட்டுப் பாருங்கள்; பல ஊர்களுக்குத் தெரியாது.

பெரிய திட்டம் என்றால் 2006 செப்டம்பர் 14இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி பொது விசாரணை நடக்கும். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். முழு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் போன்ற இடங்களில் இருக்கும், நூற்றுக்கணக்கான பக்கங்கள், ஆங்கிலத்தில். முப்பது நாளில் அதை முழுவதும் படிக்க யாராலும் முடியாது. மூன்று பகுதிகளைப் படித்தால் போதும்: நிலப் பயன்பாடு, கரையோர மணல் நகர்வு, கடல்வாழ் உயிர்கள். முதலில் பார்க்க வேண்டியது, தகவல் எந்த மாதங்களில் சேகரிக்கப்பட்டது என்பதை. ஒரு பருவத்துத் தகவல், அதுவும் மழையில்லாத மூன்று மாதம் என்றால், வாடைக் காலக் கடல் அந்த அறிக்கையில் இல்லவே இல்லை என்று அர்த்தம்.

விசாரணை நாளில் கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான்: கோபம். நியாயமான கோபம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேடையை நோக்கிக் கத்திவிட்டு ஊர் மொத்தமும் வெளியேறினாலும் விசாரணை நிற்காது. குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. மீதி இருப்பவர்களை வைத்துக் கூட்டம் முடிந்ததாகப் பதிவாகும். பத்துப் பேர் பேசட்டும், ஆளுக்கு ஒரு விஷயம், ஒரு பக்க எண், ஓர் அளவு. எழுத்து மூல மனு இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எழுப்பப்பட்ட விஷயங்களின் தொகுப்பை இறுதியில் எல்லோருக்கும் தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்று விதி சொல்கிறது. அதுவரை யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும், விட்டுப்போனதை அங்கேயே எழுந்து சொல்ல வேண்டும். அனுமதி கிடைத்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஏறக்குறைய 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்தின் விசாரணை 2021இலும் 2023இலும் தேதி குறிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. அந்த ஊர்கள் அத்தனை ஆண்டும் ஆவணங்களைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தள்ளிப்போவது வெற்றி போலத் தோன்றும், ஆனால் அந்த இடைவெளியில் ஊர் களைத்துப்போகிறது.

கடைசியாக, வெளியில் அதிகம் பேசப்படாத ஒன்று. கரையில் கல்லைக் கொட்டச் சொல்லிக் கேட்பவர்களில் மீனவ ஊர்களும் உண்டு. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவரான தூண்டில் வளைவு வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லாக் கடலோர மாவட்டத்திலும் மனுவாக வருகிறது. வீடு அலையில் விழும்போது வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே எதைப் போட்டாலும் தெற்கில் மணல் சேரும், வடக்கில் அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினா விரிந்ததும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்ததும் இதனால்தான். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் நகரின் கடற்கரை போய், அரிப்பு வடக்கே தமிழ்நாட்டு ஊர்களுக்கும் ஏறியது. ஓர் ஊர் வளைவு வாங்கினால் அடுத்த ஆண்டு வடக்கு ஊர் வாங்கியாக வேண்டும், அதற்கடுத்து அதற்கும் வடக்கு. சொந்தக்காரர்களுக்குள்ளேயே பேச்சு நின்றுபோகிற அளவுக்கு இது போகும்.

இதற்கு நான் சொல்லக்கூடியது, வளைவு கேட்கும் ஊரும் அதன் வடக்கில் இருக்கும் இரண்டு ஊர்களும் சேர்ந்து அளக்க வேண்டும் என்பதே. மூன்று ஊரிலும் ஊருக்கு மூன்று இடத்தில், ஒரே நாளில், ஒரே ஓதத்தில். தை மாதத்தில் வாடை ஓய்ந்தபின் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை. இரண்டு ஆண்டில் நான்கு அளவு சேர்ந்துவிடும். ஒன்பது இடத்தின் எண்களையும் ஒரே தாளில், தெற்கிலிருந்து வடக்காக எழுதி, மூன்று ஊர்த் தலைவர்களும் அதே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளின் ஒரு நகல் ஒவ்வோர் ஊரின் கோயில் பெட்டியிலும் இருக்கட்டும். கல் லாரி வரும் முன்பே அது அங்கே இருக்க வேண்டும்.